ஓராண்டு வகுப்பும் எட்டாண்டு உழைப்பும்: கார்ஃபீல்டு பள்ளியின் நுண்கணித வகுப்பு, 1981-82

1982ஆம் ஆண்டு மே மாதம், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் 18 பேர் நுண்கணிதத் (கால்குலஸ்) தேர்வு எழுதினார்கள். 18 பேரும் தேறினார்கள். அந்தக் கோடை விடுமுறையிலேயே அவர்களில் 14 பேரின் விடைத்தாள்கள் மேல் சந்தேகம் எழுந்தது. தேர்வை மறுபடியும் எழுதச் சொன்னார்கள். 12 பேர் எழுதினார்கள், எல்லோருமே மீண்டும் தேறினார்கள்.

இந்தச் செய்தி அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1988இல் திரைப்படமாகவும் வந்து, உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சிக் கூடங்களில் போட்டுக் காட்டப்பட்டது. அதைப் பார்த்தவர்களின் மனதில் நிற்கும் கதை இதுதான்: பின்னம்கூடச் சரியாகத் தெரியாத ஏழை வீட்டுப் பிள்ளைகள், ஊக்கம் கொடுக்கும் ஒரே ஓர் ஆசிரியர், கொஞ்ச காலத்தில் கல்லூரி அளவுக் கணிதம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பள்ளியின் கல்வியாண்டு எப்படி நடக்கிறது, ஒரு வகுப்பு எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களை இந்தக் கதை தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 1981-82 என்ற அந்த ஓராண்டில் நடந்ததற்கான வேலை 1974இலேயே தொடங்கிவிட்டது. அதில் பங்கெடுத்தவர்களும் பலர். இந்த ஆய்வு அந்த வேலையைப் பற்றியது.

பள்ளியும் தேர்வும்

கார்ஃபீல்டு பள்ளி 1925இல் தொடங்கியது. மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. 1968 மார்ச்சில், தரமான கல்வி வேண்டும் என்று கேட்டு கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறிப் போராடினார்களே, அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற பள்ளிகளில் கார்ஃபீல்டும் ஒன்று. அதற்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1970களின் நடுவில் பள்ளியின் அங்கீகாரமே பறிபோகும் நிலை வந்தது. 3,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்த பள்ளி அது.

மாணவர்கள் எழுதியது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் எனப்படும் தேர்வு. சுருக்கமாக ஏ.பி. என்பார்கள். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி முதலாண்டு அளவுக்கான பாடத்தைப் படித்து மே மாதம் நாடு முழுவதும் பொதுவாக நடக்கும் தேர்வை எழுத வேண்டும். மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 அல்லது அதற்கு மேல் எடுத்தால் தேர்ச்சி என்று கொள்வது வழக்கம். பல கல்லூரிகள் அதைத் தங்கள் பாடத்துக்கு ஈடாக ஏற்றுக்கொள்ளும். காலேஜ் போர்டு என்ற அமைப்பின் சார்பில் இ.டி.எஸ். என்ற நிறுவனம் தேர்வை நடத்தியது. வினாத்தாள் தயாரிப்பதும் திருத்துவதும் வெளியாட்கள். பள்ளிக்கோ ஆசிரியருக்கோ மதிப்பெண்ணில் எந்தக் கையும் கிடையாது. இந்தக் கடைசி விஷயம் வகுப்பறையின் போக்கையே மாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆசிரியர்

ஹைமே எஸ்கலான்டே 1930இல் பொலிவியாவின் லா பாஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். சொந்த நாட்டில் இயற்பியலும் கணிதமும் நடத்திப் பெயர் எடுத்தவர். 1960களில் அமெரிக்காவுக்கு வந்தபோது அந்தத் தகுதி எதுவும் அங்கே செல்லவில்லை. உணவகத்தில் தரை துடைத்தார், சமைத்தார், ஆங்கிலம் கற்றார், மின்னணுத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே மறுபடியும் பட்டம் வாங்கினார். 1974இல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கார்ஃபீல்டில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

சேர்ந்த உடனே அவருக்கு ஏமாற்றம். அங்கே மாணவர்கள் கையில் இருந்த கணிதப் புத்தகம் பொலிவியாவில் ஐந்தாம் வகுப்புக்கு உரியது என்று அவருக்குத் தோன்றியது. பழைய நிறுவனத்துக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தார். இயற்கணிதம் படிக்கத் தயாராக 12 மாணவர்கள் கிடைத்த பிறகுதான் மனதை மாற்றிக்கொண்டார். இந்த வரலாற்றின் உண்மையான தொடக்கம் அந்த இயற்கணித வகுப்புதான் என்பது என் கணிப்பு. கால்குலஸ் என்ற பேச்சே அப்போது கிடையாது. அந்த வகுப்புக்கும் முதல் நுண்கணித வகுப்புக்கும் நடுவே நான்கைந்து ஆண்டுகள் இருக்கின்றன. கதை சொல்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவது இந்த ஆண்டுகளைத்தான்.

ஐந்து பாடங்கள், மூன்று ஆண்டுகள்

நுண்கணிதத்துக்கு ஒரு மாணவரை நேராகக் கொண்டுபோய்விட முடியாது. அமெரிக்கப் பள்ளிகளில் கணிதம் ஆண்டுக்கு ஒரு பாடமாக வரிசையில் நிற்கும். முதலில் இயற்கணிதம், அப்புறம் வடிவியல், அப்புறம் இரண்டாம் நிலை இயற்கணிதம், அதன்பின் முக்கோணவியலும் கணிதப் பகுப்பாய்வும், கடைசியில் நுண்கணிதம். ஒன்றில் ஓட்டை விழுந்தால் அடுத்தது நிற்காது. இயற்கணிதத்தில் வரும் சார்பு என்றால் என்ன என்று புரியாதவருக்கு, நுண்கணிதத்தில் வரும் எல்லை என்பது புரியாது. இயற்கணிதக் கோவையைச் சுருக்கத் தெரியாதவர், நுண்கணிதத்தின் வகையிடலைச் சரியாகச் செய்துவிட்டு அடுத்த வரியில் சறுக்குவார். நுண்கணித விடைத்தாளில் போகும் மதிப்பெண்களில் பெரும்பகுதி இயற்கணிதத்தில் போவதுதான் என்பதை அந்தப் பாடம் நடத்திய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது கார்ஃபீல்டின் கணக்கைப் பாருங்கள். அது மூன்றாண்டுப் பள்ளி. 10, 11, 12 வகுப்புகள் மட்டும். அங்கே மாணவர்களை அனுப்பிய நடுநிலைப் பள்ளிகளில் அடிப்படைக் கணக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆக, பத்தாம் வகுப்பில் காலடி வைக்கும் பிள்ளைக்கு முன்னால் ஏறக்குறைய ஐந்து ஆண்டுப் பாடம் இருக்கிறது, கையில் இருப்பதோ மூன்றே ஆண்டு. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், கால அட்டவணையில் இடமில்லை. ஏழைப் பகுதிப் பள்ளிகளில் "எங்கள் பிள்ளைகளுக்கு உயர்கணிதம் வராது" என்று சொல்லப்பட்டதன் பின்னால் இந்த எளிய கழித்தல் கணக்கு இருந்தது. பிள்ளைகளின் மூளையைக் குறை சொல்லிவிட்டு அட்டவணையை யாரும் தொடாமல் விட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் கோபம் வரும் இடம் இதுதான்.

இதை எஸ்கலான்டே பல வழிகளில் உடைத்தார். ஒரே நேரத்தில் இரண்டு கணிதப் பாடம் எடுக்க மாணவர்களைத் தூண்டினார். பள்ளி தொடங்கும் முன்னும், முடிந்த பின்னும், சனிக்கிழமையும் வகுப்பு வைத்தார். பின்னாளில், பக்கத்தில் இருந்த கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் ஏழு வாரக் கோடை வகுப்புகள் ஏற்பாடாயின. ஓராண்டுப் பாடம் ஒன்றை அந்த ஏழு வாரத்தில் முடிப்பார்கள். இரண்டு கோடைகளைப் பயன்படுத்திக்கொள்ளும் மாணவருக்கு இரண்டு ஆண்டு மிச்சம். மூன்றாண்டுப் பள்ளிக்குள் ஐந்து பாடம் அடங்கிவிடும். பிறகு இன்னும் கீழே இறங்கி, நடுநிலைப் பள்ளிகளிலேயே எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் இயற்கணிதம் நடத்த வழி செய்தார்கள்.

இந்த ஏற்பாடுகளில் பெரும்பகுதி 1982க்குப் பிறகுதான் முழு உருவம் பெற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1982ஆம் ஆண்டு மாணவர்கள் கோடைப் பள்ளி முறையின் முழுப் பயனை அனுபவித்தவர்கள் அல்ல. அவர்களுக்கு உதவியது பள்ளிக்குள்ளேயே இருந்த சில நல்ல ஆசிரியர்களும், கூடுதல் நேரமும்தான்.

மற்ற ஆசிரியர்கள்

ஒரு மாணவர் எஸ்கலான்டேயின் நுண்கணித வகுப்புக்குள் நுழையும்போது அவருக்கு முக்கோணவியலும் இரண்டாம் நிலை இயற்கணிதமும் தெரிந்திருக்க வேண்டும். அதையெல்லாம் எஸ்கலான்டே ஒருவரே எல்லோருக்கும் நடத்த முடியாது. பென் ஹிமேனெஸ் என்ற சக கணித ஆசிரியரை அவர் தன்னோடு சேர்த்துக்கொண்டார். கீழ்நிலைப் பாடங்களை உறுதியாக நடத்தி மாணவர்களை மேலே அனுப்பிய ஹிமேனெஸ், பின்னாளில் நுண்கணித வகுப்புகளையும் எடுத்தார். அவர் பெயர் இந்தக் கதையைச் சொல்பவர்களில் பாதிப் பேருக்கு நினைவில் இருக்காது. ஊர் கூடி இழுத்த தேரில் முன்வடம் பிடித்தவரை மட்டும் படம் எடுத்தது போல ஆகிவிட்டது.

அடுத்தவர் ஹென்றி கிரடியாஸ். 1981இல் பள்ளி முதல்வரானார். அதாவது, நாம் பேசும் கல்வியாண்டு அவருக்கும் முதல் ஆண்டு. அவர் வருவதற்கு முன் எஸ்கலான்டேக்கு நிர்வாகத்தோடு நல்ல உறவு இருக்கவில்லை. காலையில் சீக்கிரம் வந்து கதவைத் திறக்கிறார், மாலையில் தாமதமாகப் போகிறார், அனுமதி இல்லாமல் தேர்வுக் கட்டணத்துக்குப் பணம் திரட்டுகிறார் என்று சொல்லி ஒரு துணை முதல்வர் அவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவதாகவே எச்சரித்திருந்தார். கிரடியாஸ் வந்ததும் அந்தக் கதவு திறந்தது. அடிப்படைக் கணக்கு வகுப்புகளைக் குறைத்தார். அடிப்படைக் கணக்கு எடுக்கும் மாணவர் கூடவே இயற்கணிதமும் எடுக்க வேண்டும் என்றார். மதிப்பெண் சராசரியைக் காப்பாற்றாதவர்களுக்கு விளையாட்டு முதலிய கூடுதல் நடவடிக்கைகளில் இடமில்லை என்று வைத்தார்.

முதல்வரின் வேலையை நாம் பொதுவாக ஒழுங்குமுறை, கட்டடம், கூட்டம் என்றுதான் நினைக்கிறோம். கார்ஃபீல்டில் முதல்வர் செய்த பெரிய வேலை, எந்த வகுப்பு இருக்கும், எது இருக்காது, யார் எதில் உட்காருவார் என்பதை முடிவு செய்தது. அந்த அதிகாரம் எந்த ஆசிரியரிடமும் கிடையாது.

வகுப்பறைக்குள்

சரி, இனி அந்த அறைக்குள் போகலாம். எஸ்கலான்டே மாணவர்களை நுண்ணறிவுச் சோதனையையோ பழைய மதிப்பெண்ணையோ பார்த்துச் சேர்க்கவில்லை. படிக்க விருப்பம் இருக்கிறதா, உழைக்கத் தயாரா என்பதுதான் கேள்வி. தயார் என்றால் மாணவரும் பெற்றோரும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்: வருவேன், வீட்டுப்பாடம் செய்வேன், கூடுதல் வகுப்பில் உட்காருவேன். வராவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசி போகும்.

வகுப்பு பெரும்பாலும் ஒரு சிறு தேர்வோடு தொடங்கும். நேற்றைய பாடத்தில் இன்று காலை ஒரு கேள்வி. மாணவர் எங்கே நிற்கிறார் என்பது அன்றன்றைக்கே தெரிந்துவிடும். ஓட்டை பெரிதாவதற்குள் மாலையில் உட்கார வைத்து அடைத்துவிடலாம். நுண்கணிதம் போன்ற அடுக்கடுக்கான பாடத்துக்கு இந்தப் பழக்கம் செய்யும் உதவி மிகப் பெரியது. மாதம் ஒருமுறை தேர்வு வைத்தால், மூன்றாம் வாரமே தொலைந்துபோன மாணவரை ஐந்தாம் வாரத்தில்தான் கண்டுபிடிப்போம். அதற்குள் வகுப்பு வேறு எங்கோ போயிருக்கும்.

அப்புறம் அவருடைய நாடகத்தன்மை. பின்னம் சொல்லிக்கொடுக்கக் கையில் வெட்டுக்கத்தியோடு நின்று ஆப்பிளை வெட்டுவார். பாட்டுப் போடுவார், கைதட்டச் சொல்வார். கூடைப்பந்துச் சொற்களையே கணிதத்துக்குப் பெயராக வைத்தார். குறிப்பிட்ட ஒரு வகைத் தவறு செய்தால் அதற்கு விளையாட்டிலிருந்து ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னாலே மாணவர் தவறைத் திருத்திக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். எனக்கு இதில் தெரிவது கவனமான பாடத் திட்டம். அடிக்கடி வரும் தவறுகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எல்லோருக்கும் பொதுவான ஓர் அழைப்புப் பெயர் வைப்பது என்றால், ஆசிரியர் தன் மாணவர்களின் விடைத்தாள்களை எவ்வளவு கூர்ந்து படித்திருக்க வேண்டும்!

முன்னால் சொன்ன வெளித்தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமான வகுப்பில் ஆசிரியரே பாடம் நடத்துவார், அவரே கேள்வி கேட்பார், அவரே மதிப்பெண் போடுவார். மாணவருக்கு ஆசிரியர் ஒரே நேரத்தில் உதவுபவரும் தீர்ப்புச் சொல்பவரும். தீர்ப்புச் சொல்பவரிடம் "எனக்குப் புரியவில்லை" என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் தயக்கம் வரும். ஏ.பி. தேர்வில் தீர்ப்பு வெளியிலிருந்து வருகிறது. அதனால் எஸ்கலான்டே மாணவர்களின் பக்கமே நின்றார். தேர்வு எதிரணி, நாம் ஓர் அணி, நான் பயிற்சியாளர் என்பதுதான் அவர் வகுப்பில் சொன்ன ஏற்பாடு. அணி என்று ஆனபிறகு ஒருவர் பின்தங்கினால் மற்றவருக்கும் அது கவலை. அந்த ஆண்டு வகுப்பின் மனநிலையை உருவாக்கியதில் இந்த ஏற்பாட்டுக்குத்தான் முதலிடம் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் புகழ முடியாது. அவர் மாணவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பார், எல்லோர் முன்னாலும் கேலி செய்வார். படிக்காவிட்டால் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டுவார். அவர்மேல் நம்பிக்கை வைத்த பிள்ளைகள் அதைப் பாசமாக எடுத்துக்கொண்டார்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் அதே சொற்கள் பிள்ளையை உடைத்துவிடும். அவரைப் போல ஆக நினைக்கும் இளம் ஆசிரியர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டு அன்றாடச் சிறு தேர்வை எடுத்துக்கொண்டால் போதும்.

எண்கள் சொல்வது

முதல் நுண்கணித வகுப்பின் மாணவர்கள் 1979இல் தேர்வு எழுதினார்கள். ஐந்து பேர் எழுதி இரண்டு பேர் தேறினார்கள். 1980இல் ஒன்பது பேர், தேறியவர்கள் ஏழு. 1981இல் 15 பேர், தேறியவர்கள் 14. 1982இல் 18க்கு 18. 1983இல் 33 பேர் எழுதி 30 பேர் தேறினார்கள்.

இந்த வரிசையில் 1982 எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். திடீரென்று வானத்திலிருந்து விழுந்த ஆண்டாக அது தெரியவில்லை. முந்தைய ஆண்டே ஒருவரைத் தவிர எல்லோரும் தேறிவிட்டார்கள். 14இலிருந்து 18 ஆவது இயல்பான அடுத்த படி. முதல் ஆண்டின் ஐந்துக்கு இரண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். அதே ஆசிரியர், அதே கத்தி, அதே ஆப்பிள். ஆனால் கீழ்வகுப்புகள் இன்னும் வலுவாகவில்லை. நான்கே ஆண்டில் மாறியதில் ஆசிரியரின் அனுபவத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனாலும் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்த மாணவர்களின் தயாரிப்பு மாறியதே முக்கியக் காரணம் என்பதற்கு 1991க்குப் பிறகு நடந்தவை சான்று. அங்கே வருகிறேன்.

சந்தேகம்

ஆறாவது கேள்விக்கான விடையில் பல மாணவர்கள் ஒரே தவறைச் செய்திருந்தார்கள், வழக்கத்தில் இல்லாத ஒரே மாதிரிக் குறியீட்டு எழுத்துகளையும் பயன்படுத்தியிருந்தார்கள். இதுதான் இ.டி.எஸ்.ஸின் சந்தேகத்துக்குக் காரணம். எஸ்கலான்டே கொதித்துப் போனார். ஒரே ஆசிரியரிடம் ஒரே முறையில் பழகியவர்கள் ஒரே மாதிரிதானே எழுதுவார்கள் என்றார். பெயர்களைப் பார்த்து, பள்ளி இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது என்றும் சொன்னார். அந்த நிறுவனம் அதை மறுத்தது.

பின்னாளில் வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர் ஜே மேத்யூஸ், சில மாணவர்களின் ஒப்புதலோடு அவர்களுடைய விடைத்தாள்களைப் பார்த்தார். அந்த ஒரு கேள்வியில் ஒரு தவறான விடை சிலரிடையே கைமாறியிருக்கலாம் என்பதற்கு அவருக்கு ஆதாரம் கிடைத்தது. எஸ்கலான்டேயை மிகவும் மதித்து எழுதியவர் அவர், இருந்தும் இதை மறைக்கவில்லை. நாமும் மறைக்கக் கூடாது. அந்த விடை தவறான விடை என்பதால் அதனால் யாருக்கும் பெரிய லாபம் இருந்திருக்காது. ஆனாலும் கேள்வி எழுப்பியதற்கே இடமில்லை என்று சொல்லிவிட முடியாது.

மாணவர்களுக்குக் கணிதம் தெரியுமா என்ற கேள்விக்கு மறுதேர்வு பதில் சொல்லிவிட்டது. மூன்று மாதம் கழித்து, விடுமுறையின் கடைசியில், கடும் கண்காணிப்பில், புது வினாத்தாளோடு எழுதிய 12 பேரும் தேறினார்கள். மே மாதத்துக்கு மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் ஆகஸ்ட் முடிவில் அது நின்றிருக்காது. எனக்கு இன்னும் வலுவாகத் தெரியும் சான்று அடுத்த ஆண்டின் 30 பேர். அத்தனை கண்களும் அந்தப் பள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த எண்ணிக்கை அது.

சந்தேகம் அந்தப் பிள்ளைகளை எப்படி வருத்தியிருக்கும் என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பலர். கிடைத்த சந்தோஷம் சில வாரம்கூட நிலைக்கவில்லை.

வளர்ச்சி, அப்புறம் சரிவு

1987இல் கார்ஃபீல்டில் 80க்கும் மேற்பட்டவர்கள் நுண்கணிதத் தேர்வில் தேறினார்கள். அவர்களில் 12 பேர் தேறியது கூடுதல் பாடம் கொண்ட உயர்நிலைத் தாளில். நாடு முழுவதிலும் நுண்கணிதத் தேர்வுக்கு அதிகம் பேரை அனுப்பிய பொதுப் பள்ளிகளின் வரிசையில் கார்ஃபீல்டும் முன்னால் வந்து நின்றது. நுண்கணிதத்தோடு நிற்கவில்லை. மற்றப் பாடங்களிலும் ஏ.பி. வகுப்புகள் பெருகின. கணிதத்தில் வெல்ல முடியும் என்று கண்ட பள்ளி மற்றவற்றிலும் முயன்று பார்த்தது. எல்லாப் பாடங்களையும் சேர்த்து 1991இல் 570 ஏ.பி. தேர்வுகள் வரை போனது.

1988இல் குடியரசுத் தலைவர் ரீகன் எஸ்கலான்டேக்கு விருது கொடுத்தார். அதே ஆண்டு தேர்தல் விவாதத்தில், உங்கள் மனதில் நாயகர்கள் யார் என்று கேட்டதற்கு ஜார்ஜ் புஷ் சொன்ன பெயர்களில் எஸ்கலான்டே பெயரும் இருந்தது. இதற்கு முந்தைய ஆண்டே கிரடியாஸ் முதல்வர் பதவியிலிருந்து போய்விட்டார். அதைப் பற்றி யாரும் விவாத மேடையில் பேசவில்லை. பள்ளிக்கு எது பெரிய செய்தி என்று கேட்டால், விருதைவிட முதல்வர் போனதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு சிக்கல்கள் பெரிதாயின. ஆசிரியர் சங்க ஒப்பந்தப்படி ஒரு வகுப்பில் 35 பேர்தான். எஸ்கலான்டேயின் சில வகுப்புகளில் 50ஐத் தாண்டியது. படிக்க வந்தவரைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனமில்லை. சங்கத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 50 பேர் வகுப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டால் நாளை நிர்வாகம் எல்லோரிடமும் அதையே கேட்கும். கிரடியாஸ் இருந்திருந்தால் இன்னொரு பிரிவு, இன்னொரு ஆசிரியர் என்று வழி தேடியிருப்பார் என்பது என் எண்ணம். அதோடு சக ஆசிரியர்களின் மனக்கசப்பும் சேர்ந்தது. ஒருவருக்கு மட்டும் திரைப்படமும் விருதும் தொலைக்காட்சியும் கிடைக்கும்போது, அதே கட்டடத்தில் அதே அளவு உழைப்பவர்களுக்கு வருத்தம் வருவது இயல்பு. 1990இல் கணிதத் துறைத் தலைவர் பொறுப்பு அவரிடமிருந்து போனது. 1991இல் அவரே கார்ஃபீல்டை விட்டு சாக்ரமென்டோவில் உள்ள ஹைரம் ஜான்சன் பள்ளிக்குப் போனார். அதே காலத்தில் ஹிமேனெஸும் விலகினார். பொறுப்பை எடுத்துக்கொண்ட ஆஞ்செலோ வியாவிசென்சியோ என்ற ஆசிரியரும் அதிக காலம் நீடிக்கவில்லை.

சில ஆண்டுகளில், கார்ஃபீல்டில் நுண்கணிதத் தேர்வில் தேறுபவர்களின் எண்ணிக்கை 80 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. மாணவர்கள் அதே பகுதியின் பிள்ளைகள்தான், கட்டடமும் அதேதான். கீழ்வகுப்பிலிருந்து மேல்வகுப்பு வரை மாணவர்களைக் கைமாற்றிக்கொண்டு போன ஆசிரியர் வரிசை கலைந்துவிட்டது, அட்டவணையைக் காக்கும் முதல்வரும் இல்லை.

இந்த வரலாற்றின் இன்னொரு பாதி சாக்ரமென்டோவில் இருக்கிறது. ஒரே ஆசிரியர்தான் காரணம் என்றால், அவர் போன இடத்தில் அதே விளைச்சல் வந்திருக்க வேண்டும். எஸ்கலான்டே அங்கே 1998இல் ஓய்வு பெறும்வரை நடத்தினார். அதே முறை, அதே உழைப்பு, இப்போது நாடறிந்த பெயரும் கூட. கார்ஃபீல்டில் கண்ட எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வர முடியவில்லை. அங்கே அவருக்குக் கீழே ஹிமேனெஸ் இல்லை, மேலே கிரடியாஸ் இல்லை, நடுநிலைப் பள்ளியிலிருந்து தயாராகி வரும் மாணவர் வரிசையும் இல்லை. அதையெல்லாம் புதிதாகக் கட்டுவதற்கு கார்ஃபீல்டில் எடுத்த ஆண்டுகள் அவருக்கு மறுபடி கிடைக்கவில்லை. அவர் சேர்ந்தபோது வயது 60.

திரைப்படத்தைப் பற்றிக் கேட்டபோது பெரும்பகுதி உண்மை, கொஞ்சம் நாடகம் என்று எஸ்கலான்டே சொல்வதுண்டு. அவர் கவலைப்பட்டது அந்தக் கொஞ்சத்தைப் பற்றித்தான். அடிப்படை தெரியாத மாணவரை ஓராண்டில் நுண்கணிதத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று மற்றப் பள்ளிகள் நம்பி, முடியாதபோது மாணவரையோ ஆசிரியரையோ குறை சொல்லிவிட்டு நிறுத்திவிடும். அப்படி நின்றுபோன வகுப்புகள் எந்தப் பட்டியலிலும் வராது. ஒரு பள்ளி தன் பன்னிரண்டாம் வகுப்பு முடிவைப் பார்த்துக் கவலைப்பட்டால், அந்த மாணவர்கள் எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் எந்தப் பாடத்தை, யாரிடம், எத்தனை மணி நேரம் படித்தார்கள் என்ற பதிவேட்டைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். கார்ஃபீல்டில் 1974இல் எஸ்கலான்டே முதலில் பார்த்ததும் மாணவர்கள் கையில் இருந்த பாடத்தைத்தான்.